கொடிப் பந்தல் போடப் போகிறவர்களுக்கு: 74,000 ரூபாய் மழையோடு போன கதை

பந்தல் விழுந்தது ஜூன் மாதத்து இரவொன்றில். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்து மழைக்குள் அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை. விடிந்து கதவைத் திறந்தால், 12 அடிக்கு 10 அடி பந்தல் முழுதாகப் பள்ளப் பக்கம் சரிந்து, கூரைப் பீலியையும் பிய்த்து இழுத்துக்கொண்டு கிடக்கிறது. கட்டி முடித்துப் பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை. கம்புகளுக்கு 9,600, மேல் சட்டங்களுக்கு 14,400, ஆணி, கயிறு, வலை என்று 7,500, கொந்தரப்புக்குப் பேசிய தச்சுப் பாஸுக்கு 22,000, செடிகளுக்கு 5,500. ஆக 59,000 ரூபாய். விழுந்ததை வெட்டி அள்ள 6,000, பீலியைத் திரும்பப் போட 9,000. மொத்தம் 74,000. பணம் போனதைவிட, விழுந்த காரணம் ஒவ்வொன்றும் பச்சைப் பிள்ளைக்கும் தெரிய வேண்டிய காரணமாக இருந்ததுதான் அதிகம் வலித்தது. ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்று அப்போது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, பந்தலைக் கட்டிவிட்டுக் கொடி தேடியது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். முற்றத்தில் இடம் இருக்கிறது, படம் ஒன்று கண்ணில் படுகிறது, பாஸைக் கூப்பிட்டுவிடுகிறோம். ஆனால் எந்தக் கொடி என்று தெரியாமல் பந்தலின் உயரம், கம்பி இடைவெளி, தூணின் பருமன் எதையும் முடிவு செய்ய முடியாது. சவ்சவ் என்றால் கை எட்டும் உயரத்தில், ஆறரை அடியில் பந்தல் வேண்டும். காய் பறிக்க ஏணி வைத்துக்கொண்டிருக்க முடியாது. கீழே கதிரை போட்டு உட்கார வேண்டுமென்றால் எட்டு அடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் எந்தக் கொடியும் ஓர் அடியாவது கீழே தொங்கும். தன்பர்ஜியா மைசொரென்சிஸ் என்று மஞ்சளும் சிவப்புமாய்ச் சரம் சரமாகப் பூக்கும் கொடி ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காரி. நம் குளிருக்கும் ஈரத்துக்கும் நன்றாக ஒத்துப்போவாள். அவளுடைய பூச்சரம் ஒன்றரை அடி, இரண்டு அடி தொங்கும். ஏழு அடிப் பந்தலில் வைத்தால் சரம் முகத்தில் இடிக்கும்; ஒன்பது அடியில் வைத்தால் தேன்சிட்டு வந்து தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு தேன் குடிக்கும்.

இரண்டாவது, இருக்கும் இடம் மலையின் எந்தப் பக்கம் என்று யோசிக்காதது. மலைநாடு என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, ஹட்டனும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்துகொண்டு இரண்டு வேறு நாடு மாதிரி நடந்துகொள்ளும். ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே வந்து அடிக்கும். அதே ஜூன், ஜூலையில் பண்டாரவளை, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் மழை இல்லை, மலையைத் தாண்டி இறங்கும் உலர் காற்றுத்தான். அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் பனி உறைந்து இளந்தளிரைக் கருக்கிவிடும். கண்டி 500 மீற்றர்தான். அங்கே காய்க்கும் பல கொடிகள் ஹட்டனில் இலை மட்டும் காட்டும். போகன்விலா இதற்கு நல்ல உதாரணம். பதுளை, பண்டாரவளை வீடுகளில் கூரை மறைய நிறம் கொட்டுகிறதே என்று ஒன்றை வாங்கி வைத்தேன். அதற்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும், வேர் கொஞ்சம் காயும் காலமும் வேண்டும். மேற்குச் சரிவின் மூட்டத்திலும் ஈரத்திலும் அது ஒன்றரை வருடம் முள்ளும் இலையுமாக வளர்ந்தது, பத்துப் பூக்கூட வைக்கவில்லை. போதாததற்கு அது தானாகப் பற்றி ஏறும் கொடியும் அல்ல; பந்தலில் கட்டிக் கட்டித்தான் ஏற்ற வேண்டும். கை முழுக்க முள் கீறல் மிச்சம்.

இணையத்தில் ஊதா நிறத் திராட்சைக் குலை போலத் தொங்கும் விஸ்டேரியாவின் படத்தைக் காட்டி, இது எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது இலையுதிர்த்து, மாதக் கணக்கில் கடுங்குளிரில் உறங்கி எழும்பிப் பூக்கிற சாதி. நம்முடைய குளிர் அதற்குக் குளிரே இல்லை. அந்தக் காசுக்கு பைரோஸ்டேஜியா வாங்கலாம். டிசம்பர், ஜனவரியில் செம்மஞ்சள் குழல் பூக்கள் கொத்துக் கொத்தாக இறங்கும். ஒரே எச்சரிக்கை, பந்தலுக்கும் கூரைக்கும் இடையில் மூன்று அடியாவது விடுங்கள். அதன் பற்றுக்கம்பிகள் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் இடுக்குத் தேடிப் போய் நுழையும். உள்ளே போன தண்டு தடித்தால் தகரத்தை ஆணியோடு தூக்கும்.

பழத்துக்கென்று வைத்தது கொடித்தோடை (பேஷன் ஃபுரூட்). இதில்தான் ஒரு வருடம் முழுதாக ஏமாந்தேன். சாலையோர நேர்சரியில் ஒரே ஒரு கன்று வாங்கி நட்டால் ஏழு மாதத்தில் பூக்கத் தொடங்கியது. பூவென்றால் அப்படி ஒரு பூ. ஆனால் ஒன்றும் காய்க்கவில்லை. மூன்று நாளில் காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று தேயிலைக்குப் போடும் உரத்தை இரண்டு கை அள்ளிப் போட்டேன், கொடி இன்னும் கறுத்துச் செழித்தது, பூவும் குறைந்தது. தழைச்சத்து கூடினால் அப்படித்தான் ஆகும். உண்மைக் காரணம் வேறு. கொடித்தோடையில் மஞ்சள் பழ வகை, ஊதாப் பழ வகை என்று இரண்டு. மஞ்சள் வகைக்குத் தன் மகரந்தம் தனக்கே ஆகாது. வேறொரு கொடியின் மகரந்தம் வர வேண்டும். அந்த வேறு கொடியும் அதே தாய்க்கொடியில் வெட்டிய பதியனாக இருந்தால் பயனில்லை, இரண்டும் ஒன்றேதான். விதையில் முளைத்த இரண்டு தனிக் கன்றுகள் வேண்டும். ஊதா வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒற்றைக் கொடியே காய்க்கும். மஞ்சள் கீழ்நாட்டுச் சூட்டுக்கு, ஊதா மேல்நாட்டுக் குளிருக்கு. ஹட்டன் உயரத்தில் மஞ்சளை வாங்கியதே பிசகு. கன்றாக இருக்கும்போது தண்டிலும் பற்றுக்கம்பியிலும் செம்மை ஓடியிருந்தால் பெரும்பாலும் மஞ்சள் வகை. விற்பவரிடம் கேட்டால் எல்லாம் நல்லாக் காய்க்கும் என்றுதான் சொல்வார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. மஞ்சள் வகையின் பூ நண்பகலுக்கு விரிந்து இரவில் மூடும். ஊதா வகையின் பூ விடியலில் விரிந்து நண்பகலோடு மூடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் மழை எப்போது பெய்கிறது? காலையில் பளிச்சென்று வெயில், பிற்பகல் இரண்டு மணிக்கு இடி. நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். மகரந்தம் ஒட்டிய பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது சூலகமுடி, அதாவது பூ நடுவில் மகரந்தத்தை வாங்கும் நுனி, காய்ந்திருந்தால்தான் காய் பிடிக்கும். ஆக, மஞ்சள் பூ விரிகிற நேரமும் மழை இறங்குகிற நேரமும் ஒன்று. ஊதாவுக்குக் காலை முழுவதும் கிடைக்கிறது. கையால் மகரந்தம் சேர்ப்பதானாலும் இதே நேரக் கணக்குத்தான்: சுத்தமான சிறு தூரிகையால் ஒரு கொடியின் பூவில் மஞ்சள் பொடியைத் தொட்டு, மற்றக் கொடியின் பூ நடுவில் மூன்றாகப் பிரிந்து நிற்கும் முடிகளில் தடவ வேண்டும். அந்த முடிகள் மேல் நோக்கி நிமிர்ந்தே நிற்கும் பூவைத் தொட வேண்டாம், அது காய்க்காது. கீழே வளைந்தவற்றில் தடவுங்கள். இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற ஆள், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு. தேனீ இந்தப் பூவுக்குச் சிறிசு, மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போகுமே தவிர முடியில் முதுகு உரசாது. சட்டத்தைத் துளைக்கிறதே என்று கருவண்டை விரட்டாமல், பந்தலுக்குப் பக்கத்தில் காய்ந்த மென்மரத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் அது அங்கே குடிபோகும்.

சரி, பந்தல் ஏன் விழுந்தது? கம்பு மூன்று அங்குல டர்பன்டைன் மரம், பட்டை உரிக்காமல், ஒன்றரை அடிக் குழியில் வெறும் மண்ணில் நட்டது. "பத்து வருசத்துக்கு அசையாதுண்ணே" என்றார் பாஸ். இளங்கம்பில் வைரம் இல்லை, முழுக்க வெளிமரம். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி காற்றில்லாமல் ஓரளவு தாங்கும், மேலே இருப்பது காய்ந்து தாங்கும். மண்ணும் காற்றும் சேரும் அந்த நாலு அங்குலத்தில்தான் பூஞ்சணத்துக்கு ஈரம், காற்று இரண்டும் கிடைக்கிறது. எடுத்துப் பார்த்தபோது ஆறு கம்பும் அந்த இடத்தில் கருப்பட்டி மாதிரி உதிர்ந்தது. பட்டை உரிக்காததால் அதற்குள் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கழிவு ஒயில் பூசினால் தாங்கும் என்பார்கள். மேலே கொஞ்சம் தாங்கும், மண்ணில் கசிந்து பக்கத்திலுள்ள வேருக்குக் கேடு. அடியைத் தீயில் கருக்குவதும் அப்படித்தான், கரி வெடித்த இடத்தில் ஈரம் இறங்கிவிடும். நிழலுக்கு வைத்த சவுக்கு மரம் (சில்வர் ஓக்) தோட்டத்தில் விழுந்தால் சும்மா கிடைக்கும். சட்டத்துக்கு ஆகும், மண்ணில் நடுவதற்கு ஆகாது.

கொடியின் பாரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மழை நீர் இலையில் நிற்கிற பாரம் பெரிசில்லை. இந்தப் பந்தலின் பரப்பு 11 சதுர மீற்றர். இலை மேல் இரண்டு மில்லிமீற்றர் நின்றாலும் 22 லீற்றர், ஒரு கேன் தண்ணீர்தான். பாரம் இருந்தது அடியில். மேலே புதுக்கொடி படரப் படர, கீழே வெளிச்சம் படாமல் செத்த தண்டும் சருகும் அரை அடிக்கு மெத்தையாகப் படிந்து, பஞ்சு போல நீரைக் குடித்து வைத்திருந்தது. வெட்டி அள்ளியபோது 18 உரச்சாக்கு, ஒவ்வொன்றும் 12, 13 கிலோவுக்குக் குறையாது. அதோடு கம்பிக்குப் பதிலாகப் போட்ட பிளாஸ்டிக் வலை. கொடி வலைக்குள் நூறு இடத்தில் நுழைந்து பின்னிக்கொண்டால் செத்ததைப் பிரித்து எடுக்கவே முடியாது. வெயிலில் வலையும் இற்றுத் துண்டு துண்டாக மண்ணில் விழும். தேங்காய்ப் பொச்சுக்கயிறு ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

ஆனால் தள்ளியது காற்று. இடைவெளியே இல்லாமல் மூடிய பந்தல் ஒரு பாய். சரிவில் இருக்கும் வீடுகளில் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறி வருவதால் பக்கவாட்டில் தள்ளுவதோடு அடியிலிருந்து தூக்கவும் செய்யும். தூணும் சட்டமும் சேரும் மூலையில் குறுக்கு முட்டு ஒன்றுகூட இருக்கவில்லை. நாலு அங்குல ஆணி இரண்டு, அவ்வளவுதான். ஆடி ஆடி ஆணித் துளை பெரிசாகி, அடி இற்ற கம்பு தலையிலும் பிடியில்லாமல் நின்றது. மரத்தில் கட்டுகிறவர்கள் ஆணியை மறந்துவிட்டு, பத்து மில்லிமீற்றர் நாகம் பூசிய போல்ட்டை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, இரண்டு பக்கமும் அகலமான வோஷர் போட்டு இறுக்குங்கள். மரத்தூண் மண்ணையும் கொங்கிரீட்டையும் தொடக் கூடாது; அத்திவாரத்தில் பதித்த இரும்புத் தட்டின் மேல், தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும்.

இரண்டாம் தடவை ஜீ.ஐ. பைப்பில், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாயில் போட்டேன். அளவுகளை அப்படியே தருகிறேன், அதே 12க்கு 10 அடிக்குச் சரியாக வரும். 20 அடி நீளமான இரண்டு அங்குலப் பைப் மூன்று. ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் பத்தடித் தூண் ஆறு. எட்டு அடி மேலே, இரண்டு அடி கீழே. மேல் சட்டத்துக்கு ஒன்றரை அங்குலப் பைப் நாலு: இரண்டில் ஆளுக்கொரு 12 அடி, மூன்றாவதில் இரண்டு 10 அடி, நாலாவதில் ஒரு 10 அடி. அந்த மூன்றாவது 10 அடி நடுத்தூண் இரண்டையும் இணைப்பது. மிஞ்சுகிற 8, 8, 10 அடித் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். இரண்டடித் துண்டுகளாக வெட்டினால் பதின்மூன்று வரும், தூணுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு குறுக்கு முட்டு அதிலேயே முடிந்துவிடும். முட்டு இரண்டு திசையிலும் இருக்க வேண்டும். நீளவாட்டில் மட்டும் போட்டால் அகலவாட்டில் சாயும்.

அத்திவாரக் குழி ஒன்றரை அடிச் சதுரம், இரண்டு அடி ஆழம். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை. ஆறு குழிக்கும் சேர்த்து 5 மூடை சீமெந்து, 12 கன அடி மணல், 24 கன அடி முக்கால் அங்குலக் கல் பிடிக்கும். ஒரு குழி நிறைந்தால் 300 கிலோ பாரம், காற்று தூக்குவதற்கு எதிராக நிற்பது அதுதான். பைப்பின் அடியில் ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே வெல்ட் செய்துவிட்டு இறக்கினால் பைப் சுழலவும் மாட்டாது, உருவிக்கொண்டும் வராது. கொங்கிரீட்டின் தலையைத் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி, பைப்பிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் பைப்பைச் சுற்றி நின்றால் துரு அங்கேதான் தொடங்கும். ஒரு வாரம் சாக்குப் போட்டு ஈரமாக வைத்து, அதுவரை தூணுக்கு முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். பைப்பின் மேல்வாயைத் தட்டு வைத்து அடைக்காவிட்டால் உள்ளே மழை நிரம்பும். வெல்டிங் பிடித்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும். அதைத் தேய்த்து ரெட் ஒக்சைட் இரண்டு கை, மேலே பெயின்ற் இரண்டு கை. ஜீ.ஐ. துருப்பிடிக்காது என்று நம்பி இதை விட்டவர்கள் வீட்டில் இரண்டே வருடத்தில் மூலை மூலையாகச் செந்நீர் வழிவதைப் பார்க்கலாம். சரிவான முற்றமென்றால் குழியை மண் விளிம்பிலிருந்து நாலு அடியாவது உள்ளே தள்ளித் தோண்டுங்கள், மழையில் விளிம்பு கரைந்துவிடும்.

மேலே வலை வேண்டாம். 12 கேஜ் நாகக் கம்பி, நீளவாட்டில் ஆறு, அகலவாட்டில் ஆறு, ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளி. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூட வாங்கினால் போதும். ஒன்றரை அடிச் சதுரத்துக்குள் கை நுழையும், கத்தி நுழையும், செத்த கொடியை இழுக்க முடியும். இதற்கெல்லாம் சேர்த்து 168,000 ரூபாய் ஆனது. முதலிலேயே இதைப் போட்டிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதை இப்போது விட்டுவிட்டேன்.

குழி பற்றிக் கொஞ்சம். தேயிலை நின்ற மண் புளித்த மண்; pH அளவு 4.5, 5 என்று இருக்கும், எண் குறையக் குறையப் புளிப்புக் கூட. தேயிலைக்கு அது சுகம், கொடித்தோடைக்கு 6க்குக் கிட்ட வேண்டும். இரண்டடிக் கனசதுரக் குழியெடுத்து, எடுத்த மண்ணில் கால் கிலோ டொலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து மூன்று வாரம் விட்டு, அதன் பிறகு மாட்டெரு சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவின் சத்து ஆவியாகிப் போகும். குழியை மட்டமாக நிரப்பாமல் ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டின் தலையில் கன்றை வையுங்கள். மேற்குச் சரிவில் கொடித்தோடையைக் கொல்வது நோயைவிடத் தண்ணீர். தண்டடியில் ஈரம் நின்றால் பட்டை அழுகி, ஒரு வாரத்தில் முழுக்கொடியும் வாடும். ஊதா வகைக்கு மண்ணிலிருந்து வரும் வாடல் நோயும் உண்டு. மஞ்சள் வகையின் வேரில் ஊதாவை ஒட்டிய கன்று கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள், ஒட்டு மண்ணுக்குள் புதையாமல் நடுங்கள். பந்தலின் மேட்டுப் பக்கம் ஓர் அடி ஆழத்தில் கான் வெட்டி நீரைத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கான் கீழே இருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் போய் முடியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டால் வேர் அத்திவாரத்தில் முட்டாது.

ஒற்றைத் தண்டைத்தான் மேலே ஏற்ற வேண்டும். பக்கக் கிளை வர வர நகத்தால் கிள்ளிவிட்டு, கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் மூன்று, நாலு கை பிரியும். அவற்றை நாலு திசைக்கும் விடுங்கள். தூணைச் சுற்றிச் சுற்றி ஏற்றாதீர்கள். தூணுக்குப் பெயின்ற் அடிக்கக்கூட முடியாமல் போகும். கட்டுவதற்குப் பழைய பருத்திச் சேலைக் கிழிசலுக்கு ஈடு எதுவுமில்லை, எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டுக்கம்பி தண்டு தடிக்கும்போது உள்ளே அறுத்துவிடும்.

சவ்சவ்வுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். காய்க்குள்ளேயே விதை முளைக்கும். முளைவிட்ட முழுக்காயைப் பாதி மண்ணில் படும்படி சாய்த்து வைத்தால் போதும், வெட்டி விதையை எடுக்கக் கூடாது. நாலைந்து மாதத்தில் காய்க்கும். வேர் மேலோடுவதால் சருகுப் போர்வை வேண்டும். நுனிக்கொழுந்து கறிக்கும் சுண்டலுக்கும் ஆகும், கிள்ளக் கிள்ளக் கொடியும் அடங்கும். ஆனால் நூறு காய் தொங்கினால் முப்பது, நாற்பது கிலோ கூடுதல் பாரம் என்பதை மறக்க வேண்டாம்.

கவ்வாத்து வெட்டத் தெரிந்த ஊரில் பந்தல் கொடியை மட்டும் யாரும் வெட்டுவதில்லை, அதுதான் புரியவில்லை. கொடித்தோடை புதுத் தண்டில்தான் பூக்கும், பழைய தண்டு பாரத்துக்கு மட்டும். காய் ஓய்ந்ததும் பக்கக் கிளைகளை ஓர் அடி விட்டு வெட்டுங்கள். அடித்தண்டையும் முற்றிய முதல் கைகளையும் தொட்டால் திரும்பத் துளிர்க்காமல் போகலாம். மேற்குச் சரிவில் சித்திரை வருடப்பிறப்பு முடிந்து, மே மழைக்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் காற்று ஊடே போகும், அடியில் மெத்தை படியாது. ஊவாப் பக்கமும் ஜூன் காற்றுக்கு முன். கொட்டும் மழையில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். இப்படிப் பார்த்துக்கொண்டாலும் கொடித்தோடையின் ஆயுள் நாலைந்து வருடம்தான். மூன்றாம் வருடத்திலேயே அடுத்த கன்றை மறுமூலையில் நட்டுவிடுங்கள். வெட்டுவதற்கு முதல்நாள் மாலை அடியில் நின்று நன்றாக அண்ணாந்து பாருங்கள். கொழுந்து மலையில் குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிழலும் மறைவுமான பந்தல் அதற்குத் தேடிக் கிடைத்த வீடு. பெரிய கூடு என்றால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். கீழே அட்டை இருக்கும், தரையில் புல் விடாமல் கல் பரப்பினால் குறையும். ஊதாப் பழம் பழுத்தால் தானே விழும். பறிக்க வேண்டியதில்லை, காலையில் பொறுக்க வேண்டும், குரங்கு வருவதற்கு முன்.

முதல் பந்தலில் ஏற்றிய மூன்றாவது கொடியைப் பற்றிச் சொல்லவில்லை. தன்பர்ஜியா கிராண்டிஃப்ளோரா, வெளிர்நீலப் பெரிய பூ, வேகமாக மூடும் என்று இனாமாகக் கொடுத்தார்கள். மேலே சொன்ன மஞ்சள் சரக்காரியின் ஒன்றுவிட்ட தங்கை, குணம் நேர்மாறு. பந்தலை ஆறு மாதத்தில் மூடியதும், அந்த மெத்தையில் பெரும்பங்கும் இவள் வேலைதான். மண்ணுக்குள் கிழங்கு விடும். கிழங்கின் சிறு துண்டு மிஞ்சினாலும் முளைக்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதைக் களையென்று சட்டம் போட்டு அறிவித்திருக்கிறார்கள். எடுப்பதானால் மம்பட்டியால் கொத்தாதீர்கள், ஒரு கிழங்கு பத்தாகும். அலவாங்கால் சுற்றி நெம்பி முழுதாகத் தூக்கி, காட்டுப் பக்கமோ ஓடைப் பக்கமோ எறியாமல், தகரத்தின் மேல் போட்டு வெயிலில் சுக்காகக் காயவைத்து எரிக்க வேண்டும். வெட்டிய தண்டையும் மண்ணில் போடக் கூடாது, கணுவில் வேர் விடும். பிறகு மாதம் ஒருமுறை அந்த இடத்தைச் சுற்றி வந்து, முளை விரல் நீளம் ஆவதற்குள் கிழங்கோடு எடுக்க வேண்டும். நான் இரண்டு வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன கிழமையும் பீலித் தண்ணீர் விழும் மூலையில் இரண்டு முளை.